மேவிஸின் மொழிபெயர்ப்பாளன்

மேவிஸ் என்ன சொல்கிறாள் என்பதை இனி நான்தான் ஊருக்குச் சொல்வது என்று மார்ச் மாதம் இரண்டாம் வாரத்தில் முடிவு செய்தேன். நாற்பத்தொரு வருடக் கல்யாண வாழ்க்கையில் நான் தனியாக எடுத்த முதல் முடிவு அது. இரண்டாவது என்று எதுவும் இல்லை.

அதற்கு முந்தைய மாதம் ஒருநாள் காலைச் சாப்பாட்டின்போது அவள் என்னைத் திட்டிக்கொண்டிருந்தாள். முட்டையை நான் அதிகம் வேகவைத்துவிட்டேன்.

"இதை வச்சு சுவத்துல ஆணி அடிக்கலாம்," என்றாள். "உன்கிட்ட ஒரு வேலையைக் குடுத்தா..."

முடிக்கவில்லை. கரண்டி கீழே விழுந்தது. வலது கை மேஜைமேல்தான் இருந்தது, ஆனால் அவளுடையதாக இல்லை. அவள் வாக்கியத்தை முடிக்கட்டும் என்று நான் காத்திருந்தேன். அவள் பேசும்போது நடுவில் புகுந்து எனக்குப் பழக்கமில்லை. எவ்வளவு நேரம் காத்திருந்தீர்கள் என்று ஆஸ்பத்திரியில் கேட்டார்கள். நேரம் அளப்பதுதான் என் தொழிலாக இருந்தது. அன்றைக்கு எனக்குச் சொல்லத் தெரியவில்லை.

ஒன்பது நாள் அவள் வாயே திறக்கவில்லை. பத்தாம் நாள் நான் அவள் தலையணையைச் சரிசெய்து கொண்டிருந்தபோது என்னை நேராகப் பார்த்து, "போல்ட்," என்றாள்.

டாக்டருக்கு மகிழ்ச்சி. மூளையின் இடப்பக்கத்தில் அடைப்பு வந்தால் சிலருக்கு ஒரே ஒரு சொல் மிஞ்சும், எந்தச் சொல் என்று முன்கூட்டிச் சொல்ல முடியாது என்றார். அவருக்குத் தெரிந்த ஒரு பாதிரியாருக்குக் கெட்ட வார்த்தை ஒன்று மட்டும் மிஞ்சியதாம். சில பெண்களுக்குக் கணவன் பெயர் மிஞ்சுமாம். அதைச் சொன்ன பிறகு அவர் என் பக்கம் பார்க்காமல் ஜன்னலைப் பார்த்தார்.

"சொல்லு மேவிஸ். சிரில்."

"போல்ட்."

"சி-ரில்."

"போல்ட்," என்றாள், நான்தான் தப்பாக உச்சரிக்கிறேன் என்பதுபோல.

டார்லஸ்டனில் பிறந்து வளர்ந்தவளுக்கு வேறெது மிஞ்சும் என்று தேற்றிக்கொண்டேன். எங்கள் ஊரில் மூன்று பேரில் இரண்டு பேர் போல்ட் செய்தோம். மூன்றாவது ஆள் நட்டு செய்தான். மேவிஸ் பதினாறு வயதில் தொழிற்சாலைக்கு வந்தவள். போல்ட்டுக்குத் திருகு மரை வெட்டும் கூடத்தில் அவளுக்கு ஒரு மிஷின். எங்கள் மகள் ஜில் பிறந்தபோது நின்றாள், ஜில் பள்ளிக்கூடம் போனதும் திரும்பி வந்தாள். நான் அதே தொழிற்சாலையில் நேரம் குறிப்பவன். கையில் ஸ்டாப்வாட்சோடு பெண்களின் முதுகுக்குப் பின்னால் நிற்பேன். ஆயிரம் போல்ட்டுக்கு மரை வெட்ட எத்தனை நிமிடம் என்று அளந்து எழுதுவேன். நான் எழுதியதுதான் பிறகு எல்லோருக்கும் சட்டம், கூலியும் அதை வைத்துத்தான். இருபத்தாறு வருடத்தில் என் அளவு தப்பு என்று ஒரு பெண்கூட முறையிட்டதில்லை. நான் ஓய்வுபெற்ற அன்று மேனேஜர் இதைத் தனியாகக் குறிப்பிட்டுப் பேசினார்.

எங்கள் இங்கிலீஷில் இந்தச் சொல்லுக்கு ஏற்கெனவே ஏகப்பட்ட வேலை. மரை வெட்டிய இரும்பு போல்ட் என்றால் கதவுத் தாழ்ப்பாளும் போல்ட்தான். வானத்திலிருந்து இறங்கும் மின்னல் போல்ட். துணிக்கடையில் சுருட்டி நிறுத்தியிருக்கும் முழுத்துணியும் அதேதான். குதிரை மிரண்டு ஓடினாலும் இந்தச் சொல், மனிதன் மெல்லாமல் விழுங்கினாலும் இந்தச் சொல். கால்வாய் ஓரம் எனக்கு ஒரு துண்டுத் தோட்டம் உண்டு. அங்கே சாலட் கீரை வெயிலைக் கண்டு இலை விடாமல் தண்டு நீண்டு பூவெடுத்துவிட்டால் அதுவும் போல்ட். நூலகத்து அகராதியில் இரண்டு பத்தி போட்டிருந்தது. முழுக்கப் படித்தேன். மேவிஸின் போல்ட் அதில் இல்லை.

எனவே கோடு போட்ட நோட்டு ஒன்று வாங்கி, மேஜை இழுப்பறையிலிருந்து பழைய ஸ்டாப்வாட்சை எடுத்தேன்.

அரை விநாடிக்குக் குறைந்தால் 'ஆமாம்'. முக்கால் விநாடி என்றால் 'இல்லை'. ஒரு விநாடிக்கு இழுத்துக் குரல் கீழே இறங்கினால் டீ ஆறிப்போய்விட்டது. குரல் மேலே ஏறினால் டீயே வரவில்லை. அடுத்தடுத்து இரண்டு முறை சொன்னால், டிவியில் அந்த ஆளை மாற்று. மே மாதத்துக்குள் முப்பத்து நான்கு அர்த்தம் சேர்த்துவிட்டேன். அகராதிக்காரர்கள் கூட்டமாகச் செய்கிற வேலை.

செவ்வாய்க்கிழமை தோறும் பேச்சுப் பயிற்சி கொடுக்க மிஸ் ஹாலம் வருவாள். சின்னப் பெண். கையில் படம் போட்ட அட்டைகள்.

"இது என்ன மேவிஸ்?"

"போல்ட்."

"பூனைன்னுதான் சொல்றா," என்றேன்.

"நீங்க சொல்லாதீங்க மிஸ்டர் யார்ட்லி. அவங்க சொல்லட்டும்."

"சொல்லிட்டாளே. விலங்குன்னா கொஞ்சம் மூக்கால இழுப்பா."

அவள் என் கையிலிருந்த வாட்சைப் பார்த்தாள். நோட்டைப் பார்த்தாள். பிறகு மேவிஸைப் பார்த்தாள்.

"இது எத்தனை நாளா நடக்குது?"

"மார்ச்சுலேர்ந்து," என்றேன். எனக்குப் பெருமையாகத்தான் இருந்தது.

நான் சொல்லப்போகும் விஷயம் சின்னதாகத்தான் ஆரம்பித்தது. ஒரு சனிக்கிழமை மத்தியானம் கிளப்பில் டாமினோ ஆட்டம்.

"மேவிஸ், ஒரு மணி நேரம் போயிட்டு வந்துடவா?"

"போல்ட்."

முக்கால் விநாடிக்குக் கொஞ்சம் மேலேயே. நான் வாட்சைக் குலுக்கிப் பார்த்தேன். பழைய வாட்ச். அதை நம்பி ஒரு மனிதன் எப்படி முடிவெடுப்பது?

பக்கத்து வீட்டு ஃப்ளோரி வாசலில் நின்றிருந்தாள். மேவிஸோடு ஒரே கூடத்தில் இருபது வருடம் வேலை செய்தவள்.

"விட்டாளா உன்னை?"

"தாராளமா போயிட்டு வான்னா."

"யாரு, மேவிஸா?"

"மேவிஸ்தான்."

"ம்," என்றாள் ஃப்ளோரி. அவள் நிறையப் பேசுகிறவள். அந்த 'ம்' எனக்கு அப்போதே உறுத்தியிருக்க வேண்டும்.

அடுத்து ரொட்டிப் புட்டிங். ஃப்ளோரி வாரம் ஒரு தட்டு கொடுப்பாள். ஜாதிக்காயை அள்ளிப் போடுவாள். எனக்கு அந்த வாசனையே ஆகாது.

"மேவிஸ் இனிமே வேண்டாங்கறா ஃப்ளோரி. வயித்துக்கு ஒத்துக்கலையாம்."

ஃப்ளோரி என் தோளுக்கு மேலாகச் சமையலறை ஜன்னலைப் பார்த்தாள். உள்ளே மேவிஸ் நாற்காலியில் இருந்தாள்.

"அப்படியா சொல்றா?"

"அப்படித்தான் சொல்றா."

"சரி. வயிறு அவளோடது."

அதற்குப் பிறகும் தோட்டத்திலிருந்து திரும்பும்போது சில நாள் வீட்டில் ஜாதிக்காய் வாசனை இருந்தது. பழைய வாசனை என்று நினைத்தேன்.

மே மாதக் கடைசியில் ஒரு பெண்மணி வந்தாள். பக்கவாதம் வந்தவர்களுக்காகப் புதன்கிழமைதோறும் சர்ச் மண்டபத்தில் ஒரு கூடுகை. வீட்டு வாசலுக்கே வேன் வரும். நாற்காலியோடு ஏற்றிக்கொள்வார்கள்.

"பாட்டு உண்டு, டீ உண்டு மேவிஸ். உங்களை மாதிரியே ஒரு பன்னெண்டு பேர் வர்றாங்க. வர்றீங்களா?"

"போல்ட்."

கால் விநாடி. அவ்வளவு குட்டையான போல்ட்டை நான் அதற்கு முன்பு அளந்ததில்லை. பெண்மணி என் முகத்தைப் பார்த்தாள். நான் நோட்டை மூடினேன்.

"வரலைங்கறா," என்றேன்.

மேவிஸ் தலையைத் திருப்பி என்னைப் பார்த்தாள். மறுபடி ஒரு போல்ட். இந்த முறை நீளமாக.

"மழை வேற வர்ற மாதிரி இருக்கே, அதான்," என்று அதையும் விளக்கினேன்.

ஏன் அப்படிச் செய்தேன் என்று கேட்டால் அந்தக் காலத்தில் பல காரணங்கள் சொல்லியிருப்பேன். அந்த மண்டபத்தில் காற்று புகும். வேனில் பெல்ட் சரியில்லை. இப்போது ஒன்றுதான் சொல்ல முடிகிறது. பிப்ரவரியில் அவள் ஆஸ்பத்திரியில் இருந்தபோது நான் இந்த வீட்டில் தனியாக இருந்து பார்த்திருக்கிறேன். வீடென்றால் ஒரு சொல்லாவது இருக்க வேண்டும்.

மனசு மாறினால் ஏறிக்கொள்ளட்டும் என்று மூன்று புதன்கிழமை வேன் வாசலில் வந்து நின்று, ஹாரன் அடிக்காமல் காத்திருந்துவிட்டுப் போயிற்று. நான்காவது புதன்கிழமை வரவில்லை.

இதற்காக நான் அவளைக் கவனிக்காமல் விட்டேன் என்று யாரும் நினைக்க வேண்டாம். தினமும் பத்து மணிக்கு அவள் நாற்காலியைப் பின்கட்டில் வேலியோரம் வெயிலில் தள்ளிவிட்டுத்தான் தோட்டத்துக்குப் போவேன். திரும்பி வரும்போது வேலிக்கு அந்தப் பக்கம் ஃப்ளோரி நிற்பாள், பாதித் துணி கொடியில், பாதி கூடையில். மேவிஸின் இடது கை எதையோ கிள்ளும், தட்டும், துடைக்கும். "கைக்கு நல்ல பயிற்சி" என்று நோட்டில் எழுதினேன். ஃப்ளோரியின் கையும் ஆடிக்கொண்டிருக்கும்.

"நீ எதுக்கு ஆட்டறே?"

"துணைக்கு," என்றாள்.

ஜூன் முதல் ஞாயிற்றுக்கிழமை ஜில் வந்தாள். ஸ்டாஃபர்டில் இருக்கிறாள். அவள் கணவன் கீத் கீழ்த்தளத்தில் ஒரு அறையை ஒழித்து, நாற்காலி போகிற அளவுக்குக் கதவை அகலப்படுத்தி, தோட்டத்துக்குச் சரிவுப் பலகையும் போட்டுவிட்டானாம். இதையெல்லாம் செய்துவிட்டுத்தான் கேட்க வருகிறார்கள்.

"அம்மா, எங்ககூட வந்து இருக்கியா?"

"போல்ட்."

"அவ இந்த வீட்டை விட்டு எங்கயும் வரமாட்டாளாம்," என்றேன். "பொறந்து வளந்த ஊரு. அக்கம்பக்கம் எல்லாம் தெரிஞ்சவங்க. உனக்கும் எதுக்குச் சிரமம்னு நினைக்கறா."

ஜில் என்னைப் பார்த்தாள். "இவ்வளவும் அந்த ஒரு சொல்லுலயா?"

"அடக்கமா சொல்றா."

"அப்பா, அம்மா என்னைக்கு எதை அடக்கமா சொல்லியிருக்கா?"

அடுத்த ஞாயிற்றுக்கிழமை மறுபடி கேட்பதாகச் சொல்லிவிட்டுப் போனாள்.

அந்த வாரம் முழுக்க நான் நல்ல கணவனாக இருந்தேன். மேவிஸுக்குப் பிடித்த பட்டாணியும் உப்புக்கறியும் சமைத்தேன். தெருப்பக்கத்து ஜன்னல் கண்ணாடியை உள்ளேயும் வெளியேயும் துடைத்தேன். அவள் தலையை நானே வாரினேன், வகிடு கோணலாக வந்தது. ஒரு கேள்வியும் கேட்கவில்லை. கேட்டால் பதில் வரும்.

ஞாயிற்றுக்கிழமை நாலு மணிக்கு ஜில் வருவதற்கு முன்பே ஃப்ளோரி வந்துவிட்டாள். சர்ச்சுக்குப் போடும் தொப்பி. கையில் ரொட்டிப் புட்டிங். நேராகப் போய் மேவிஸுக்கு எதிர் நாற்காலியில் உட்கார்ந்தாள்.

"உன்னை யாரு கூப்பிட்டது?"

"மேவிஸ்."

நான் சிரித்தேன். மற்ற இருவரும் சிரிக்கவில்லை.

ஜில் வந்தாள். கோட்டைக்கூடக் கழற்றாமல் அம்மாவின் முன்னால் குனிந்து உட்கார்ந்தாள்.

"அம்மா, எங்ககூட வர்றியா?"

"போல்ட்."

நான் தொண்டையைக் கனைத்தேன்.

"நீ இருப்பா," என்றாள் ஜில். "ஃப்ளோரி அத்தை, நீங்க சொல்லுங்க."

மேவிஸின் இடது கை மடியிலிருந்து எழுந்தது. கட்டைவிரல் மார்பைத் தொட்டது. விரல்கள் காற்றில் எதையோ திருகின, தள்ளின, உள்ளங்கை திரும்பியது. வாய் சத்தமில்லாமல் கூடவே அசைந்தது. ஃப்ளோரி யாரோ எழுதிய கடிதத்தைப் படிப்பதுபோலப் படித்தாள்.

"வர்றேங்கறா. போன வாரமும் வர்றேன்னுதான் சொன்னாளாம். புதன்கிழமை வேனுக்கும் அப்படித்தான் சொன்னாளாம்." கொஞ்சம் நிறுத்தினாள். "புட்டிங் வயித்துக்கு நல்லாவே ஒத்துக்குதாம்."

"இது என்ன கூத்து?" என்றேன்.

"கூத்து ஒண்ணுமில்ல சிரில். கூடத்துல நாப்பது மிஷின் ஓடும். கத்தினா பக்கத்துல நிக்கறவளுக்கே கேக்காது. நாங்க கையிலயும் உதட்டுலயும்தான் பேசுவோம். கல்யாணம், சாவு, யாரு யாரோட போறா, எல்லாம் அதுலதான். உன் ஆபீஸ்ல சத்தமே கிடையாது. உனக்கு எப்படித் தெரியும்?"

"அவளுக்கு மூளையில..."

"இடது கைங்கறதால கொஞ்சம் கொழகொழன்னு வருது. பாதிக்குப் பாதி விட்டுப்போகுது. வாய் நிறைய ரொட்டியை வச்சுட்டுப் பேசற மாதிரி. ஆனா புரியும்."

"மிஸ் ஹாலமுக்குத் தெரியுமா?"

"அந்தப் பொண்ணுதான் என்னைப் பேசிட்டே இருக்கச் சொல்லுச்சு. நீ கீரைக்குத் தண்ணி ஊத்தப் போனப்ப வந்து ரெண்டு நாள் கூட உக்காந்து பாத்துச்சு."

ஜில் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவளுக்கும் தெரியுமா என்று கேட்கவே வேண்டியிருக்கவில்லை.

"அப்போ என்கிட்ட மட்டும் ஏன் யாரும் சொல்லல?"

ஃப்ளோரி மேவிஸைப் பார்த்தாள். மேவிஸ் இடது கைவிரலால் செத்துப்போன வலது மணிக்கட்டை இரண்டு தட்டுத் தட்டினாள். பிறகு உள்ளங்கையைக் கீழ்நோக்கி மெல்ல அழுத்தினாள். ஃப்ளோரிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. உடனே அடக்கிக்கொண்டாள்.

"அது என்ன?"

"பழைய சைகை. விடு."

"என்னன்னு சொல்லு."

"நேரம் பாக்கறவன் வந்துட்டான், எல்லாரும் மெதுவா ஓட்டுங்கன்னு அர்த்தம். நீ கதவைத் திறந்ததும் அந்தக் கோடி வரைக்கும் போயிடும்."

"மெதுவாவா?"

"பின்ன? நீ எழுதறதுதானே அப்புறம் சட்டம். கால் மணி நேர வேலைய நீ பின்னால நிக்கறப்ப அரை மணி நேரம் செய்வோம்."

"என் அளவைத் தப்புன்னு ஒருத்திகூட..."

"எதுக்குச் சொல்லணும்? தாராளமா இருந்துதே."

நான் மேவிஸைப் பார்த்தேன். "இவளுமா?"

"அவ மிஷின்தானே கதவுக்குப் பக்கத்துல," என்றாள் ஃப்ளோரி. "முதல்ல பாக்கறது அவதான்."

மேவிஸ் என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். கோபமாகப் பார்த்திருந்தால் எனக்குச் சௌகரியமாக இருந்திருக்கும். அவள் கோபம் எனக்குத் தெரிந்த ஊர்.

ஜில்தான் பேசினாள். "அப்பாவும் வரட்டுமே அம்மா. மாடியில சின்ன ரூம் ஒண்ணு இருக்கு."

மூன்று பேரும் அந்த இடது கையைப் பார்த்தோம். அது மடியில் இருந்தது. ஒரு விரல்கூட அசையவில்லை. போல்ட் என்றும் வரவில்லை. தெருவில் யாரோ கார் கழுவிக்கொண்டிருந்த சத்தம் கேட்டது.

"இதுக்கு அவ ஒண்ணும் சொல்லல சிரில்," என்றாள் ஃப்ளோரி. பிறகு எழுந்து, தன் வீடு மாதிரி தட்டுகளை எடுத்துக்கொண்டு சமையலறைக்குப் போனாள்.

அவர்கள் போன பிறகும் வெளிச்சம் இருந்தது. நான் எதிர் நாற்காலியில் உட்கார்ந்தேன். ஃப்ளோரியின் சூடு இன்னும் அதில் இருந்தது.

"உன்னை நல்லாத்தானே பாத்துக்கிட்டேன்?"

"போல்ட்."

"அந்த வேன்ல போகணும்னு ரொம்ப ஆசையா இருந்துதா?"

"போல்ட்."

"என்மேல கோவமா?"

"போல்ட்."

மூன்றும் ஒரே நீளம். வாட்ச் இழுப்பறையில் இருந்தது, ஆனால் அது தேவைப்படவில்லை. மூன்றுக்கும் ஆமாம் என்பதுபோலத்தான் எனக்குப் பட்டது. ஆனால் எனக்குப் பட்டதை வைத்து எதையும் சொல்வதற்கில்லை என்று அன்றைக்குத்தான் தெரிந்துகொண்டிருந்தேன்.

"என் பேரு என்ன மேவிஸ்?"

அவள் வெகுநேரம் என்னைப் பார்த்தாள். தாடை இடப்பக்கம் கோணியது. உதடுகள் குவிந்து, பல்லுக்கிடையில் நாக்கு நுனி தெரிந்தது. கழுத்து நரம்பு புடைத்தது. காற்று மட்டும் சீறி வந்தது. நான் என்னை அறியாமல் முன்னால் குனிந்தேன்.

"போல்ட்," என்றாள், கண்ணை மூடிக்கொண்டாள்.

வலது கண்ணிலிருந்து நீர் வழிந்தது. அந்தப் பக்கம் தானாகவே வழியும், அழுகை என்று எடுத்துக்கொள்ளக் கூடாது என்று டாக்டர் சொல்லியிருக்கிறார். நான் துடைத்துவிட்டேன்.

சனிக்கிழமை காலை கார் வந்தது. பெட்டி கட்டியது ஃப்ளோரி. எந்தக் கம்பளிச் சட்டை, எந்தச் செருப்பு, எந்தப் போட்டோ என்று மேவிஸ் கையால் சொல்லச் சொல்ல அவள் எடுத்து அடுக்கினாள். நான் பெட்டியைத் தூக்கிக்கொண்டு போனேன். கீத் நாற்காலியை மடக்கிப் பின்னால் வைத்தான். மேவிஸை முன் சீட்டில் உட்காரவைத்துப் பெல்ட்டை மாட்டினேன். அவள் தலைமுடி என் காதில் பட்டது. ஜில் வகிடு நேராக எடுத்திருந்தாள்.

"போன் பண்றேன்பா," என்றாள் ஜில்.

ஜன்னல் கண்ணாடி இறங்கியிருந்தது. கார் கிளம்பப் போகும்போது மேவிஸ் என் பக்கம் திரும்பி, "போல்ட்," என்றாள். மெதுவாக, கிட்டத்தட்ட மூச்சு மாதிரி. முப்பத்து நான்கில் அது இல்லை. இடது கை எழுந்து ஜன்னல் விளிம்புக்கு மேல் ஏதோ செய்தது, ஒரு வளைவு, ஒரு தட்டு, இன்னொரு சின்ன அசைவு. அதற்குள் கார் நகர்ந்துவிட்டது.

கார் மூலை திரும்பும் வரை நான் நின்றேன். பிறகும் நின்றேன். ஃப்ளோரி அவள் வாசற்படியில் கையை ஏப்ரனில் துடைத்துக்கொண்டிருந்தாள். துடைக்க அதில் ஈரம் எதுவும் இல்லை.

"என்ன சொன்னா?" என்றேன்.

"யாரு?"

"ஃப்ளோரி."

அவள் மூக்கைச் சிந்தினாள். தெருவின் அந்தக் கோடியைப் பார்த்தாள்.

"ஞாயித்துக்கிழமை வரலாமாம்," என்றாள். "சாப்பிட்டுட்டு வரணுமாம்."